பரங்கியின் பங்காளி

சந்தையில் பட்டர்நட் ஸ்குவாஷ் கண்ணில் பட்டால் முதலில் அதன் காம்பைப் பாருங்கள். கட்டை போலக் கெட்டியாக, ஐந்து வரம்புகளோடு, காயைத் தொடும் இடத்தில் அகன்று பதிந்திருக்கும். பக்கத்துக் கடையில் பத்தை போட்டு விற்கும் பரங்கிக்காயின் காம்பையும் எடுத்துப் பாருங்கள். அதே ஐந்து வரம்பு, அதே அகன்ற அடி. உருவம் வேறு, தோலின் நிறம் வேறு, விலை வேறு. ஆனால் தாவரவியல் கணக்கில் இரண்டும் ஒரே இனம்: குகுர்பிட்டா மொஸ்காட்டா.

பல்பொருள் அங்காடிகள் பட்டர்நட்டை வெளிநாட்டுக் காய்கறித் தட்டில் புரோக்கோலியோடு சேர்த்து அடுக்குகின்றன. அதனால் அது நம் மண்ணில் விளையாது, நம் சமையலுக்கு ஒத்துவராது என்ற எண்ணம் பலருக்கு வந்துவிடுகிறது. பரங்கிக்கொடி படரும் எந்த வீட்டிலும் பட்டர்நட் படரும். பரங்கி வேகும் எந்தச் சட்டியிலும் அது வேகும். விதையில் தொடங்கிச் சட்டி வரை இந்தக் காய்க்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், இரண்டையும் இன்னும் நன்றாக வளர்க்கலாம், இன்னும் ருசியாகச் சமைக்கலாம்.

கசப்பில் பிறந்த இனிப்பு

குகுர்பிட்டா என்ற பேரினம் முழுக்க அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. 1492க்கு முன் ஆசியாவிலோ ஐரோப்பாவிலோ ஆப்பிரிக்காவிலோ பரங்கிக்காயை யாரும் பார்த்ததில்லை. ஐரோப்பியக் கப்பல்கள் வழியாகத்தான் அது நம் கரைக்கு வந்தது. வாசலில் கட்டித் தொங்கவிடும் சாம்பல் பூசணி வேறு பேரினம்; அது ஆசியாவின் சொத்து.

மெக்சிகோவின் வாகாகா பகுதியில் உள்ள கிலா நாகிட்ஸ் குகையில், மனிதர் பயிரிட்ட பூசணி வகையின் விதைகள் கிடைத்தன. அவற்றின் வயது ஏறத்தாழ 10,000 ஆண்டுகள். அந்த மண்ணில் மக்காச்சோளத்துக்கும் பீன்ஸுக்கும் முன்பே பயிரான செடி இது. மொஸ்காட்டா இனத்தின் மிகப் பழைய தடயம் பெரு நாட்டின் வடக்கே மலையடிவாரத்தில் கிடைத்தது. அதற்கு 9,000 ஆண்டுகளுக்கு மேல் வயது.

ஆனால் அன்றைய காட்டுப் பூசணியை நாம் வாயில் வைக்க முடியாது. கையடக்கமான காய், கெட்டியான ஓடு, உள்ளே குகுர்பிட்டாசின் என்ற கடும் கசப்பு. எலி, அணில் போன்ற சிறு விலங்குகள் விதையைக் கடித்துத் தின்றுவிடாமல் இருக்கச் செடி தயாரித்த நஞ்சு அது. அப்படியானால் விதையைப் பரப்பியது யார்? மாஸ்டோடான் என்ற, யானையைப் போன்ற பெருவிலங்கு. ஃபுளோரிடாவில் கிடைத்த அதன் பழஞ்சாணத்தில் காட்டுப் பூசணி விதைகள் முழுசாக இருந்தன. லோகன் கிஸ்ட்லரும் அவருடைய குழுவினரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மரபணுச் சான்றும் தந்தது. கசப்பை உணரும் மரபணுக்கள் சிறு பாலூட்டிகளுக்கு அதிகம், பெரும் பாலூட்டிகளுக்குக் குறைவு. பெருவிலங்குகள் அழிந்ததும் காட்டுப் பூசணிகளுக்கு விதை பரப்ப ஆளில்லை; பல வகைகள் அருகிப்போயின. கசப்புக் குறைந்த செடிகளைத் தேர்ந்தெடுத்து மனிதன் விதைத்த வகைகள் மட்டும் பெருகின.

அந்தக் கசப்பு இன்றும் முழுக்கப் போய்விடவில்லை. காயில் இல்லாவிட்டாலும் இலை, வேர், விதையிலை ஆகியவற்றில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் முளைத்த மறுநாளே விதையிலையைச் சல்லடையாக்கும் சிவப்புப் பூசணி வண்டுக்கு அந்தக் கசப்பே பசியைக் கிளப்பும் பொருள். விலங்கை விரட்டச் செடி செய்த மருந்து, வண்டுக்கு விருந்தழைப்பு ஆகிவிட்டது.

சமைப்பவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. எப்போதாவது ஒரு காய் பழைய கசப்போடு விளைந்துவிடும். குகுர்பிட்டாசின் வேகவைத்தாலும் அழியாது. வாந்தி, வயிற்றுப்போக்கில் தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். கசந்த பூசணி உணவைச் சாப்பிட்ட இரண்டு பெண்களுக்கு வாரங்கள் கழித்து முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்ததைப் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் ஒருவர் 2018இல் பதிவு செய்தார். கசந்த சுரைக்காய்ச் சாறு குடிக்க வேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அமைத்த நிபுணர் குழுவும் எச்சரித்திருக்கிறது. பூசணி, சுரை, வெள்ளரி எதுவானாலும் நறுக்கியதும் ஒரு துணுக்கை நுனி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். காசு போனாலும் பரவாயில்லை.

கழுத்து நீண்ட கதை

பட்டர்நட் பழங்குடிக் காய் அல்ல. 20ஆம் நூற்றாண்டுக் காய். அதற்கு முன் வட அமெரிக்கத் தோட்டங்களில் இருந்தது கொக்கிபோல் வளைந்த நீள் கழுத்துப் பூசணி. சதை நல்ல சதைதான். ஆனால் வளைந்த கழுத்தைப் பெட்டியில் அடுக்க முடியாது. வண்டியில் ஏற்றினால் முறியும். 1940களில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டோ என்ற சிற்றூரைச் சேர்ந்த சார்லஸ் லெகெட், நேரான குட்டைக் கழுத்துள்ள வகையை உருவாக்கினார். அதன் பிறகும் சில கொடிகளில் பழைய வளைவு தலைகாட்டியது. அருகிலிருந்த வால்தம் ஆய்வுப் பண்ணையில் ராபர்ட் யங் தேர்வு செய்து செய்து அதைச் சீராக்கினார். அந்த 'வால்தம் பட்டர்நட்' 1970இல் அமெரிக்காவின் அகில நாட்டு விதைத் தேர்வு விருதைப் பெற்றது. இன்றும் வீட்டுத் தோட்டக்காரர்கள் அதிகம் விதைப்பது அதைத்தான்.

அந்தக் கழுத்து சமையற்கட்டுக்கு ஒரு வரம். விதைக்குழி முழுக்க அடிப்பகுதிக் குமிழில் அடங்கிவிடுகிறது. கழுத்து முழுதும் நாரில்லாத கெட்டிச் சதை. வட்டம் வட்டமாக நறுக்கலாம். வழிக்க வேண்டிய குடல் இல்லை.

குழியும் கொடியும்

தமிழ்நாட்டில் பரங்கிக்குச் சொல்லும் பட்டமே பட்டர்நட்டுக்கும் பொருந்தும்: ஆடியை ஒட்டிய ஜூன்-ஜூலை, மார்கழி-தையை ஒட்டிய டிசம்பர்-ஜனவரி. மொஸ்காட்டா வெப்பமான தாழ்நிலத்துச் செடி. குளிர் நாட்டவர்கள் அதற்குச் சூடு போதவில்லை என்று கவலைப்படுவார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை.

ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணோடு நன்றாக மக்கிய தொழுவுரத்தைக் கலந்து நிரப்புங்கள். குழிக்குக் குழி 2 மீட்டர் இடைவெளி வேண்டும். மாடித் தோட்டமானால் பாதியாக வெட்டிய டிரம்முக்கு ஒரு கொடி போதும். விதையை ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றினால் ஒரு வாரத்தில் முளைக்கும். வண்டுக்குப் பயந்தால், முதல் இரண்டு வாரம் நாற்றின் மேல் கொசுவலைத் துணியைக் கவிழ்த்து வையுங்கள். நாலைந்து இலை வந்ததும் வண்டு கடித்தாலும் கொடி தாங்கிக்கொள்ளும்.

உச்சி வெயிலில் இலைகள் தொங்கிப்போகும். உடனே குடத்தைத் தூக்க வேண்டாம். இவ்வளவு அகன்ற இலை வெளியேற்றும் நீரின் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாத நேரம் அது. சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் செடி நலமாக இருக்கிறது என்று பொருள். காலையிலும் தொங்கினால்தான் தண்ணீர் போதவில்லை, அல்லது வேரில் கோளாறு. இலையில் நரம்புகள் சேரும் இடங்களில் வெள்ளித் திட்டுகள் தெரிந்தால் அதையும் நோய் என்று எண்ண வேண்டாம். மொஸ்காட்டாவின் பிறவி அடையாளம் அது. மாவு பூசியதுபோல் பரவி, விரலால் தேய்த்தால் ஒட்டும் வெள்ளைதான் சாம்பல் நோய். அதற்குக் கந்தகத் தூளைத் தூவிவிடாதீர்கள். பூசணிக் குடும்பத்து இலைகளைக் கந்தகம் கருக்கிவிடும். நோய் கண்ட இலைகளைக் கிள்ளி அகற்றி, காற்றும் வெளிச்சமும் பட விடுவது நல்லது.

ஒரு காலை மட்டும் விரியும் பூ

"பூவெல்லாம் பூக்குது, பிஞ்சு மட்டும் வெம்பி விழுந்துடுது" என்பது பூசணி வளர்ப்பவர்கள் அத்தனை பேரும் சொல்லும் குறை. சூடு என்பார்கள், உரம் போதவில்லை என்பார்கள், கண் பட்டது என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: மகரந்தம் போய்ச் சேரவில்லை.

ஒரே கொடியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியாகப் பூக்கும். முதலில் வருபவை ஆண்பூக்கள். நீண்ட மெல்லிய காம்பு, நடுவில் மஞ்சள் தூண் ஒன்று, அதுதான் மகரந்தப்பை. பெண்பூவின் காம்பு குட்டை. இதழ்களுக்குக் கீழே கட்டைவிரல் அளவில் ஒரு குட்டிப் பட்டர்நட், கழுத்தும் குமிழுமாக, பூ விரியும் முன்பே உருவாகி நிற்கும். அதைப் பார்த்துவிட்டுக் காய் பிடித்துவிட்டது என்று பலர் மகிழ்ந்துவிடுகிறார்கள். அது இன்னும் காயல்ல, சூலகம். மகரந்தம் சேராவிட்டால் சில நாளில் மஞ்சளாகிச் சுருங்கி விழும்.

பூ விடியற்காலையில் விரிந்து முற்பகலுக்குள் மூடிக்கொள்ளும். மறுநாள் திறக்காது. மகரந்தத் துகள்கள் பெரியவை, முள் முள்ளானவை, பசையுள்ளவை, காற்றில் பறக்காது. தேனீதான் சுமக்க வேண்டும். காய்க்குள் விதைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொரு விதைக்கும் ஒரு மகரந்தத் துகள் தேவை. தேனீ ஒன்றிரண்டு முறை வந்துபோனால் போதாது. குறைவாக மகரந்தம் பெற்ற காய் கோணலாக, ஒரு பக்கம் சூம்பி வளரும்.

அமெரிக்காவில் இந்த வேலைக்கென்றே 'ஸ்குவாஷ் தேனீ' என்ற ஒரு தனித்தேனீ உண்டு. பூசணிப் பூவின் மகரந்தம் ஒன்றைத்தான் குஞ்சுகளுக்குக் கொடுக்கும். விடியும் முன்பே பறக்கத் தொடங்கும். ஆண் தேனீக்கள் நண்பகலில் மூடிக்கொண்ட பூவுக்குள்ளேயே தூங்கும். பூசணி கடல் தாண்டி வந்தபோது அந்தத் தேனீ கூட வரவில்லை. நம் ஊரில் அடுக்குத் தேனீயும் மலைத்தேனீயும் கொசுத்தேனீயும் அந்த வேலையைப் பார்க்கின்றன. நகரத்து மாடிகளில் அவையும் அருகிவிட்டதால் நாமே செய்ய வேண்டியிருக்கிறது.

காலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள் அன்று விரிந்த ஆண்பூ ஒன்றைக் காம்போடு கிள்ளுங்கள். இதழ்களை உரித்துவிட்டால் மஞ்சள் தூண் மட்டும் கையில் நிற்கும். விரலால் தொட்டால் மஞ்சள் பொடி ஒட்ட வேண்டும். அதைப் பெண்பூவின் நடுவிலுள்ள சூலகமுடியின் எல்லா மடல்களிலும் மெதுவாகத் தடவுங்கள். ஒரு பெண்பூவுக்கு இரண்டு மூன்று ஆண்பூக்களைப் பயன்படுத்தினால் காய் நிறைவாக வரும். நான்கைந்து நாளில் பிஞ்சு பருத்து, பூ இருந்த முனை கீழ்நோக்கித் திரும்பினால் கருவுற்றுவிட்டது.

பெண்பூ வரத்துக்கும் ஓர் அறிவியல் உண்டு. செடிக்குள் சுரக்கும் எத்திலீன் வாயு பெண்பூக்களைக் கூட்டும். நீண்ட பகலும் கடும் வெப்பமும் ஆண்பூக்களைக் கூட்டும். விவசாயிகள் இளங்கொடியில் எத்தரெல் என்ற மருந்தைத் தெளிப்பது அந்த எத்திலீனுக்காகத்தான். வீட்டில் அது வேண்டாம். பொறுத்திருந்தால் பெண்பூ வரும். அதுவரை மிஞ்சும் ஆண்பூக்களைப் பறித்து மார்கழிக் கோலத்துச் சாணப் பிள்ளையாருக்கு வைக்கலாம், பஜ்ஜி போடலாம். மகரந்தத்துக்குச் சிலவற்றை விட்டுவைத்தால் காய் குறையாது.

பிஞ்சு எலுமிச்சை அளவுக்கு வந்ததும் காகிதப் பையோ மெல்லிய துணிப்பையோ கட்டிவிடுங்கள். பழ ஈ பிஞ்சின் தோலைத் துளைத்து முட்டையிடுவதால்தான் காய் உள்ளுக்குள் புழுத்து அழுகுகிறது. ஈ உட்கார இடமில்லாவிட்டால் மருந்துக்கு வேலையில்லை.

பறித்த பின் ஏறும் இனிப்பு

இளம் பட்டர்நட் வெளிர்பச்சையாக, மெல்லிய கோடுகளோடு இருக்கும். பச்சை முழுதும் மறைந்து, தோல் வைக்கோல் நிறத்துக்கு வந்து, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத நிலையில் பறிக்க வேண்டும். விதைத்ததிலிருந்து மூன்று, மூன்றரை மாதம் ஆகும். காம்பை ஓர் அங்குலம் விட்டுக் கத்தியால் வெட்டுங்கள். காம்பு பிடுங்கிய இடம் அழுகலுக்கு வாசல்.

பறித்த அன்றே சமைத்தால் ருசி சப்பென்றிருக்கும். அப்போது காயில் மாவுச்சத்துதான் அதிகம். வைத்திருக்கும் நாட்களில் நொதிகள் அந்த மாவுச்சத்தைச் சிறிது சிறிதாகச் சர்க்கரையாக்குகின்றன. கரோட்டின் நிறமியும் கூடுகிறது. அதனால் ஒரு மாதம் இருந்த காய் புதிய காயைவிட இனிப்பாகவும் நல்ல செம்மஞ்சளாகவும் இருக்கும். பரங்கிக்காயைப் பரணிலும் உறியிலும் வைத்து மெதுவாகச் செலவழித்த பழக்கத்துக்கு இந்த வேதியியல் துணை நிற்கிறது. குளிர் நாடுகளில் 10 முதல் 13 டிகிரி செல்சியஸில் மூன்று மாதம்கூட வைத்திருப்பார்கள். நம் வெப்பத்தில் காய் வேகமாக மூச்சுவிட்டு வற்றும். ஆகவே நிழலான, காற்றோட்டமான இடத்தில் வைத்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் சமைத்துவிடுவது நல்லது. முழுக்காயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். 10 டிகிரிக்குக் கீழே நாள்பட இருந்தால் தோலில் குழிவிழுந்து உள்ளே கெடும். நறுக்கிய காய்க்குத்தான் அது ஏற்ற இடம்.

புளி எப்போது சேர்ப்பது?

தோல் சீவும்போது பட்டர்நட்டிலிருந்து கசியும் நீர் கையில் காய்ந்து, தோலை இறுக்கிப் பிடித்ததுபோல் ஆக்கும். சிலருக்கு அரிப்பும் வரும். வாழைப்பூவுக்குச் செய்வதுபோல் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கினால் தொல்லை இல்லை.

காயின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பசை. வெந்நீரில் அது கரைவதைத்தான் வேகிறது என்கிறோம். புளிப்பு அந்தக் கரைதலைத் தடுக்கும். பாலில் உள்ள கால்சியம் பெக்டினை இறுக்கும். வெல்லமும் மென்மையாவதைத் தாமதப்படுத்தும். இது தெரிந்தால் சமையலின் வரிசை நம் கைக்குள் வந்துவிடும். புளிக்குழம்பிலும் சாம்பாரிலும் துண்டு உடையாமல் நிற்க வேண்டுமா? புளிக்கரைசலிலேயே வேகவிடுங்கள். மசிய வேண்டிய கூட்டா, பால்கூட்டா, சூப்பா? முதலில் தண்ணீரில் குழைய வேகவைத்து, பிறகு பாலும் வெல்லமும் புளியும் சேருங்கள். பரங்கியைவிடப் பட்டர்நட்டில் பொதுவாகச் சதை கெட்டி, தண்ணீர் குறைவு. அதனால் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். ஆனால் கூட்டு நீர்த்துப்போகாமல் கெட்டியாக வரும்.

வேகவைப்பதில் மட்டும் இதன் முழு ருசி வெளிப்படாது. தண்ணீர் இருக்கும்வரை சட்டியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கூடி அந்தப் பொன்முறுவலையும் மணத்தையும் தர, ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். கழுத்துப் பகுதியை அரை அங்குல வட்டங்களாக நறுக்கி, ஈரத்தைத் துடைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் நல்லெண்ணெயும் தடவி, காய்ந்த இரும்புத் தோசைக்கல்லில் இடம்விட்டு அடுக்குங்கள். நெருக்கி அடுக்கினால் ஆவி கிளம்பி, முறுகாமல் புழுங்கிவிடும். இரண்டு பக்கமும் நிறம் மாறியதும் மூடிபோட்டுச் சின்னத் தீயில் சில நிமிடம் வைத்தால் உள்ளும் வெந்துவிடும். அடுப்புப் பெட்டி இருந்தால் 200 டிகிரியில் முக்கால் மணி நேரம்.

அந்த எண்ணெய்க்கு ஊட்டச்சத்திலும் பங்குண்டு. 100 கிராம் பச்சைப் பட்டர்நட்டில் 45 கலோரி, 11.7 கிராம் மாவுப்பொருள், 21 மில்லிகிராம் வைட்டமின் சி, 4,200 மைக்ரோகிராமுக்கு மேல் பீட்டா கரோட்டின் உண்டு என்கிறது அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணை. உணவிலுள்ள 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏவுக்குச் சமம் என்பது கணக்கு. மற்ற கரோட்டின் வகைகளையும் சேர்த்தால் 100 கிராமில் 532 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ. அமெரிக்கப் பரிந்துரைப்படி ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தேவை 700, ஓர் ஆணுக்கு 900. ஒரு கிண்ணக் காயிலேயே பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. ஆனால் கரோட்டின் கொழுப்பில் கரைவது. எண்ணெயோ தேங்காயோ இல்லாமல் வெறுமனே அவித்துச் சாப்பிட்டால் உடலில் சேருவது குறையும். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு இந்த வகையில் நல்ல அறிவியல்.

விதைக்கு ஒரு நூல்

கடைசியாக, அடுத்த பருவத்தைப் பற்றி. பட்டர்நட்டும் பரங்கியும் ஒரே இனம் என்பதால் தேனீ ஒன்றின் மகரந்தத்தை மற்றதில் வைத்தாலும் கருத்தரிக்கும். இந்த ஆண்டுக் காயின் உருவமும் ருசியும் அதனால் மாறாது. ஆனால் அதன் விதையை ஊன்றினால் வருவது பட்டர்நட்டும் அல்ல, பரங்கியும் அல்ல. பக்கத்து வீட்டில் பரங்கிக்கொடி இருந்தாலே போதும், இது நடக்கும். கடையில் வாங்கிய காய் வீரிய ஒட்டு ரகமாக இருந்தாலும் விதை பிசகும். கலப்பே தவறு என்று சொல்லவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மசூரெக் திட்டமிட்டுச் செய்த கலப்பில்தான், கைக்குள் அடங்கும், இனிப்பு மிகுந்த 'ஹனிநட்' பிறந்தது. ஆனால் கலப்பு நாம் அறிந்து செய்வதாக இருக்க வேண்டும்.

சுத்த விதை வேண்டுமானால் வழி எளிது. மறுநாள் விரியப்போகும் மொட்டு முதல்நாள் சாயங்காலமே நுனி மஞ்சளாகிப் பருத்திருக்கும். ஆண்மொட்டு ஒன்றையும் பெண்மொட்டு ஒன்றையும் நூலால் சுற்றிக் கட்டிவிடுங்கள். காலையில் அவிழ்த்து, கையால் மகரந்தம் சேர்த்து, பெண்பூவை மறுபடி கட்டி, காம்பில் ஓர் அடையாளத் துணி முடிந்துவிடுங்கள். அந்தக் காய் நன்றாக முற்றி, பறித்து மூன்று வாரம் கழித்து விதையெடுத்துக் கழுவி நிழலில் உலர்த்துங்கள்.

உங்கள் பாட்டி வீட்டிலோ பக்கத்து ஊரிலோ இன்னும் ஒரு நாட்டுப் பரங்கி ரகம் இருந்தால், பட்டர்நட் விதைக்கும் முன் அதன் விதையை முதலில் இப்படிக் காப்பாற்றுங்கள். வால்தம் பட்டர்நட் விதையை மறுபடி வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பரங்கி விதை போனால் போனதுதான்.